சேதி போய்ச் சேர்ந்ததா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, செபமாலை முடிந்து ஆலயக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் கையில் சில தாள்களோடு வந்து நின்றார். திருவிடந்தைக் கரையோரத்து மீனவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர்; அக்குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர். "ஃபாதர், காலேஜ்ல ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க. தமிழ் சரியா இருக்கான்னு நீங்க பாத்துச் சொல்லணும்" என்றார். தலைப்பைப் பார்த்தோம்: 'மின்னணுத் தகவல் தொடர்பும் இன்றைய சமுதாயமும்'. பிழை திருத்துவதற்கென்று வாங்கி வைத்த அத்தாள்கள், பிழை யாருடையது என்று நம்மையே கேட்கப் போகின்றன என்பதை அப்போது நாம் அறியவில்லை.

திருவிடந்தையை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் நோக்கிச் செல்லும்போது வரும் சிற்றூர் அது. மணமாகாதோர் மாலையும் கையுமாக வந்து வேண்டிச் செல்லும் நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்றது. 2018 ஏப்ரலில் இராணுவத் தளவாடக் கண்காட்சி இங்கு நடைபெற்றபோது சில நாள்கள் நாளேடுகளிலும் அடிபட்டது. கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். கால்வாய்க்கு அப்பால் சிறுசேரியின் மென்பொருள் நிறுவனங்கள். நம் மக்கள் வலை வீசும் இவ்வங்கக் கடலின் அடியில்தான் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கண்ணாடியிழை வடம் 2002-இல் இடப்பட்டது. உலகத்தின் பேச்செல்லாம் நம் படகுகளுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மாணவர் தம் கட்டுரையைத் தொடங்கியிருந்தார். நல்ல தொடக்கமே. அடுத்த நான்கு பக்கங்கள், இத்தகைய கட்டுரைகளில் நாம் எல்லாரும் எழுதுவன. உலகம் உள்ளங்கையில் சுருங்கிவிட்டது, தூரம் ஒழிந்தது, அறிவு பொதுவுடைமை ஆயிற்று என்றெல்லாம் சென்றன. சந்திப்பிழைகளைத் திருத்திக்கொண்டே புரட்டினோம்.

புரட்டும்போது நம் நினைவு வேறு திசையில் சென்றது. 1994-இல் நாம் பூவிருந்தவல்லி திருஇருதயக் குருமடத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்தோம். ஒரு பிற்பகல் தந்திச் சேவகர் ஒருவர் மிதிவண்டியில் வந்து நம் பெயரைக் கேட்டார். தந்தி என்றாலே சாவு என்பது அந்நாளைய இலக்கணம். நம் தந்தையார் கவலைக்கிடமாக இருப்பதாகவும் உடனே புறப்படுமாறும் அதில் இருந்தது. அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார் என்பதை ஊர் போய்ச் சேர்ந்த பின்னரே அறிந்தோம். சொற்கள் என்னவோ நாலைந்துதான். ஆனால் அந்தச் சேவகர், கையொப்பம் வாங்கிய பின்னும் உடனே கிளம்பவில்லை. வேப்ப மரத்தடியில் வண்டியைச் சாய்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?" என்று கேட்டு, நம்முடன் சிறிது நேரம் நின்றார். எத்தனை வீடுகளில் அவர் அப்படி நின்றிருப்பாரோ! 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது, அதைப் பற்றி எழுதியவர்கள் இயந்திரத்தின் மறைவையே எழுதினார்கள். மிதிவண்டியில் வந்தவரைப் பற்றி நாம் படித்ததாக நினைவில்லை.

அடுத்த ஆண்டே காலம் மாறியது. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து அன்றைய முதலமைச்சர் ஜோதிபாசு, தில்லியிலிருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமிடம் பேசியதே இந்தியாவின் முதல் செல்லிடப்பேசி அழைப்பு. இரு வாரம் கழித்து, ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் வத்திக்கானும் இணையத்தில் கால் வைத்தது. குருமடத்தில் நாமோ, முதல்வர் அறையில் இருந்த ஒற்றைத் தொலைபேசியைத் தொடவும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தோம். 1992-இல் வெளிவந்த 'ஏத்தாத்திஸ் நோவே' என்னும் திருச்சபை ஏட்டின் சுழற்படி நகல் எங்களுக்குப் பாடமாக இருந்தது. நேரடியான தனிமனித உறவின் இடத்தை ஊடகங்கள் பிடித்துவிட முடியாது என்று அவ்வேடு எச்சரிப்பதைத் தேர்வில் விரிவாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

மாணவரின் ஐந்தாம் பக்கத்தில்தான் கட்டுரை உயிர்பெற்றது. ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலறிஞர் 2007-இல் வெளியிட்ட ஆய்வை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு ஆகிய வட கேரள மாவட்டங்களில் 1997 முதல் 2001 வரை செல்லிடப்பேசி படிப்படியாக வந்தது. அதற்கு முன் மத்தி மீன் பிடித்து வரும் படகுகள் தத்தம் கரையிலேயே இறங்கும். அங்கே வாங்குவோர் இல்லையெனில் மீனைக் கடலில் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. சில கல் தொலைவில் அடுத்த கரையிலோ மீன் கிடைக்காமல் வாங்குவோர் கையைப் பிசைந்து நிற்பர். இவ்வாறு நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு மீன் வீணாயிற்று. கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் விலை உண்டு என்று கேட்டறியும் வசதி வந்ததும் இந்த வீணடிப்பு அற்றுப்போனது. மீனவரின் ஆதாயம் கூடியது. வாங்குவோர் கொடுக்கும் விலையும் சற்றே குறைந்தது. ஏழையின் கையில் ஒரு கருவி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நாம் கண்டதில்லை.

ஆனால் அதை அடுத்து மாணவர் தம் பாட்டியின் கூற்றையும் எழுதியிருந்தார். "படகு கரைக்கு வர்றதுக்குள்ளயே ஏவாரி போன்ல வெலைய முடிச்சிடறான். எங்க கூடைக்கு மிஞ்சறது அவன் கழிச்சதுதான்" என்று ஆயா சொன்னாராம். கேரள ஆய்வு பொய்யாகிவிடவில்லை. அது கூடைக்காரப் பெண்ணிடம் கேட்கவில்லை, அவ்வளவே.

பிறகு நல்லவாடு. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள இம்மீனவ ஊரை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்கக்கூடும். 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையுயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் கரையெங்கும் அறிவித்தார்கள். வீட்டுக்கு வீடு கணினி இல்லாவிட்டாலும் கேட்கும் செவி இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் பணியிலிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர், கடல் பொங்கும் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு பதறி வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். இங்கேயும் தண்ணீர் ஏறி வருவதாக வீட்டார் கூறினர். ஊரை எழுப்புங்கள் என்றார் அவர். தகவல் மையம் பூட்டிக்கிடந்தது. ஊர் இளைஞர்கள் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து, ஒலிபெருக்கியில் மீண்டும் மீண்டும் அறிவித்தார்கள். 3,600 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். ஏறத்தாழ 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. உயிர் ஒன்றும் போகவில்லை.

அன்று நம் கரையிலும் அடுத்தடுத்த கரைகளிலும் நடந்தது என்ன என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள்.

நல்லவாட்டைக் காத்தது சிங்கப்பூர் அழைப்பா, உடைக்கப்பட்ட பூட்டா என்று மாணவர் ஒரு வினாவை எழுப்பிவிட்டு, விடை கூறாமல் அடுத்த பத்திக்குச் சென்றிருந்தார். அந்தப் பத்தியைத்தான் நாம் இருமுறை படித்தோம். அதன் சாரத்தை நம் சொற்களில் தருகிறோம்.

அவருடைய ஆயாவும் மற்றொரு பாட்டியும் நாற்பது ஆண்டுகள் ஒன்றாகக் கூடை சுமந்தவர்கள். கோவளத்தில் மீன் எடுத்து, கேளம்பாக்கத்தில் தெருத்தெருவாக விற்றுத் திரும்புவார்கள். அந்த மற்றொரு பாட்டி ஓர் இரவு இறந்துபோனார். காலை ஆறு மணிக்குப் பின் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் மரண அறிவிப்பு வந்தது. மாலை மூன்று மணிக்கு அடக்கத் திருப்பலி என்றும் இருந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் உள்ள குழு அது. கல்லூரி விடுதியிலிருந்த நம் மாணவரும் பார்த்தார். கைகூப்பும் படம் ஒன்றை அழுத்திவிட்டு வகுப்புக்குப் போனார். ஆயாவோ ஐந்து மணிக்கே கூடையோடு கிளம்பிவிட்டிருந்தார். அவரிடம் பேசி கிடையாது. நாலரை மணிக்கு அவர் ஊர் திரும்பியபோது கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடித்து, இளைஞர்கள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறிவிப்பை எழுதி அனுப்பியவர் நாமே. 2020-இல் பெருந்தொற்றின்போது ஆலயங்கள் மூடப்பட்டிருந்த நாள்களில், இல்லங்களுக்குத் திருப்பலியைக் கொண்டு சேர்க்க அக்குழுவைத் தொடங்கினோம். அந்நாளில் அது செய்த நன்மையை மறுக்க மாட்டோம். தொற்று ஓய்ந்தது, குழு நின்றுவிட்டது. மரண மணியின் கயிறு இற்று அறுந்தபோது, குழுதான் இருக்கிறதே என்று இரண்டு மாதம் அதை மாற்றாமல் விட்டோம். நூறு ரூபாய்க் கயிறு! அடக்கத்தின்போது அந்த மூதாட்டியின் முகம் கூட்டத்தில் இல்லை என்பதை நாம் கவனிக்கவும் இல்லை. தேர்வுத்தாளில் நாம் விரிவாக எழுதிய அந்த எச்சரிக்கை எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குச் சென்றோம். ஓலைத் தாழ்வாரத்தில் அமர்ந்து கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எழுந்து தோத்திரம் சொன்னார். மணி அடிக்காதது நம் தவறு, மன்னிக்க வேண்டும் என்றோம். குருவானவர் மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நீங்க மணி அடிச்சிருந்தாலும் கேளம்பாக்கத்துக்கு எப்பிடி சாமி கேட்டிருக்கும்?"

நாம் விழித்தோம்.

"மணி அடிச்சா, கேட்டவங்க வெளிய வந்து யாரு யாருன்னு கேப்பாங்க. இவளுக்குத் தெரியுமா, அவளுக்குச் சொன்னாங்களான்னு பேச்சு வரும். யாராச்சும் ஒரு புள்ள பஸ் புடிச்சு வந்து என்னக் கூட்டிட்டுப் போயிருக்கும். போன்ல பாத்தவங்க, எல்லாருக்கும்தான் வந்திருக்கும்னு நெனச்சுட்டாங்க. யாரும் பொல்லாதவங்க இல்ல சாமி."

பல மறையுரைகளுக்கு நாம் ஆயத்தம் செய்திருக்கிறோம். இத்தனை தெளிவாக ஒன்றைக் கூறியதில்லை. மணியோசை கேட்டவருக்குத் தெரிவது பாதிச் செய்தியே. யார் இறந்தார் என்பது தெரியாது. யாருக்குக் கேட்டது என்பதும் தெரியாது. அந்தக் குறைதான் மக்களை வீதிக்கு அழைத்து வருகிறது. கையிலுள்ள திரையோ பெயர், வயது, நேரம், நிழற்படம் எல்லாவற்றையும் ஒருசேரத் தந்துவிடுகிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லை, ஆகவே வெளியே வருவதற்கும் ஒன்றுமில்லை. முந்நூறு பேர் ஒரே கணத்தில் அறிந்தார்கள். அறிந்த முந்நூறு பேரில் ஒருவர்கூடச் சொல்லிச் செல்பவர் ஆகவில்லை.

பழைமையைப் போற்றிப் பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஊர்ச்சேதி சொல்லும் பழைய முறைகளில் தண்டோராவும் ஒன்று. பறையைத் தோளில் மாட்டி, ஒரு குறிப்பிட்ட சமூகத்தவரே தெருத்தெருவாக அடித்துச் செல்ல வேண்டும் என்ற இழிவு அதில் ஊறியிருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அம்முறையை விட்டுவிடுமாறு மாவட்டங்களுக்கு எழுதினார். அதற்கு அத்தனை காலம் ஆயிற்றே என்பதுதான் வருத்தம். சேதியைச் சுமப்பது ஒரு சாதியின் தலைவிதியாக இருந்த நாள்களை நாம் மீண்டும் விரும்பவில்லை.

பரப்புவது வேறு, சுமந்து செல்வது வேறு என்பதற்கு இன்னொரு கொடிய சான்றும் நம் பக்கத்திலேயே உண்டு. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் உலவுகிறார்கள் என்ற வதந்தி கைப்பேசி வழியே வட தமிழகம் முழுவதும் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்ட குடும்பத்தை மக்கள் தாக்கியதில் வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் மாண்டார். அதே நாள்களில் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் தமக்கு வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வரம்பு விதித்தது. அனுப்பியவர்கள் பெரும்பாலும் பிள்ளை பெற்ற தாய் தந்தையரே. அந்தச் செய்தியை அவர்கள் தம் காலால் நடந்து அடுத்த தெருவில் போய்ச் சொல்ல நேர்ந்திருந்தால், நீ பார்த்தாயா, எங்கே பார்த்தாய் என்று யாரேனும் கேட்டிருப்பார்கள்.

இவ்வளவையும் மாணவரிடம் சற்று உணர்ச்சியோடு கூறினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பணிவாக, ஆனால் உறுதியாக, மறுத்தார். "ஃபாதர், எங்க சித்தப்பா பொறவியிலேயே காது கேக்காதவர். உங்க மணி அவருக்கு ஒரு நாளும் கேட்டதில்லையே" என்றார். அந்தச் சித்தப்பாவை நாமும் அறிவோம். ஊரில் அவரை 'ஊமையன்' என்று அழைத்தார்களே தவிர, அவரோடு பேசுவோர் எவருமில்லை. இப்போது ஒவ்வோர் இரவும் கைப்பேசியை மணலில் ஒரு கட்டையின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, செங்கல்பட்டிலும் மதுரையிலும் உள்ள தம் பள்ளித் தோழர்களோடு சைகை மொழியில் ஓயாமல் பேசுகிறாராம். விழுந்து விழுந்து சிரிக்கிறாராம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தபோது, எந்த நேரத்தில் காற்று மிகும் என்பதை வீட்டில் முதலில் அறிந்து மற்றவர்க்குச் சைகையால் உணர்த்தியவர் அவரே என்றார் மாணவர். செவியும் நாவும் திறக்கப்பட்ட மனிதரைப் பற்றி நற்செய்தியில் எத்தனையோ முறை வாசித்த நமக்கு, இதற்கு எதிர்வாதம் தோன்றவில்லை.

ஒக்கிப் புயலைப் பற்றியும் அவரே நினைவூட்டினார். 2017 நவம்பர் இறுதியில் தூத்தூர் முதலிய குமரிக் கடற்கரைப் பங்குகளின் மீனவர்கள் நாள் கணக்கில் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து சில கல் தொலைவுக்குமேல் கைப்பேசி எட்டாது. கரையில் எச்சரிக்கை இருந்தது, கடலில் இல்லை. அந்தப் பேரிழப்புக்குப் பின், 2019-இல் 'ஜெமினி' என்னும் கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி அனுப்பும். ஆனால் படகிலிருந்து மறுமொழி அனுப்ப இயலாது. 2024 சனவரியில் இஸ்ரோ அறிவித்த புதிய ஆபத்துக்கால அறிவிப்புக் கருவியிலோ, 'உன் குரல் கேட்டது, உதவி வருகிறது' என்ற மறுமொழி படகைச் சென்றடையும். "பாத்தீங்களா ஃபாதர், மெஷினே கத்துக்குது" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம்.

அந்தப் பத்தியை எடுத்துவிடலாமா, ஆசிரியர் இதெல்லாம் பாடத்துக்குச் சேராது என்பாரோ என்று கேட்டார். எடுக்க வேண்டாம் என்றோம். அறிவிப்பு எழுதியவர் பங்குக் குரு என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னோம். அதை அவர் சேர்க்கவில்லை.

அந்த வாரமே மணிக்குப் புதுக்கயிறு மாற்றினோம். குழுவுக்கு ஓர் ஒழுங்கை மாணவரே வகுத்தார். மரண அறிவிப்பு வந்தால் இனிக் கைகூப்பும் படம் போடக் கூடாது. பேசி இல்லாத எந்த வீட்டுக்கு நேரில் சென்று சொன்னோம் என்று மட்டுமே எழுத வேண்டும். தொடக்கத்தில் சிலர் முணுமுணுத்தனர். தை மாதம் ஒரு முதியவர் இறந்தார். விடியுமுன் மணி அடித்தது. குழுவிலும் செய்தி சென்றது. ஆயாவின் வீட்டுக்குச் சொன்னதாக நான்கு பேர் எழுதியிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில் அவர் நம்மை வழிமறித்தார். "இன்னா சாமி இது, ஒரு சாவுக்கு நாலு பேரு வந்து கதவத் தட்டுறாங்க! நாலு பேருக்கும் டீத்தண்ணி வெச்சுக் குடுத்துட்டு, கூடை எடுக்கப் போறதுக்குள்ள பொழுது ஏறிப்போச்சு" என்றார்.